முகம் காட்டாத ஹைபீம்காரர்

இவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் நாலைந்து ராத்திரியாவது எதிரே பார்க்கிறீர்கள். ஆனால் ஆள் கறுப்பா சிவப்பா, மீசை உண்டா இல்லையா என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், இருட்டின பிறகு எதிரே உதிக்கிற இரண்டு சூரியன்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். ஹைபீம்காரர். சாலையில் அவருக்கு வேறு பெயர்களும் உண்டு. பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

பகலில் தங்கமான மனிதர். கல்யாணப் பந்தியில் பாயசம் இரண்டாவது முறை வந்தால், பக்கத்து இலையைக் காட்டி, "முதல்ல அவருக்குப் போடுங்க" என்பார். குன்றத்தூர் மலையில் படியேறும்போது மூச்சு வாங்குகிற பாட்டிக்குக் கைகொடுப்பார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். இத்தனை பேருக்கும் விட்டுக்கொடுக்கிறவர், சாவியைத் திருகி வண்டி உறுமியதும், எதிரே வருகிறவர் என்று ஒரு ஜாதி இருப்பதையே மறந்துவிடுவார். சத்தத்தைக் குறைக்கத் தெரிந்தவருக்கு வெளிச்சத்தைக் குறைக்கத் தெரியவில்லை. இது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது அவர் செய்கிற வேலை. இந்த வட்டாரமே வண்டி செய்து பிழைக்கிற வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ காரும் பாரத்பென்ஸ் லாரியும், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. பூந்தமல்லி தாண்டிப் புதுச்சத்திரத்தில் வண்டி விளக்குக்கென்றே ஒரு தொழிற்சாலை. வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க மத்திய அரசின் ஆராய்ச்சி மையம்கூட ஒரகடத்தில்தான். நம்மவர் இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார்.

கார் ஆலை எதுவானாலும் லைனின் கடைசியில் ஒரு சோதனை உண்டு. பிரேக் பார்த்து, வீல் அலைன்மென்ட் பார்த்து, அப்படியே ஹெட்லைட் எங்கே விழுகிறது என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலான கார்களுக்குக் கணக்கு எளிது. டிம் லைட்டின் மேல்விளிம்பு, 10 மீட்டர் தள்ளி விழும்போது, விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். இடதுசாரியாகப் போகிற நம் நாட்டில் இடப்பக்க ஓரம் மட்டும் சற்று ஏறிப் போகும், ஓரத்தில் நடக்கிறவர்கள் தெரிவதற்காக. இதில் ஒரு கோடு விலகினாலும் நம்மவர் தலையாட்ட மாட்டார். "ரீவொர்க்" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படிச் சோதித்து வந்த வண்டி ஒன்றைத் தவணையில் அவரே வாங்குகிறார். நேரே மலைக்கோயிலுக்குப் போய்ப் பூஜை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பானெட்டில் மாலை. குருக்கள் இரண்டு ஹெட்லைட்டிலும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைக்கும்போது நம்மவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்சஸரீஸ் கடை.

"இந்த எல்.இ.டி. போட்டீங்கன்னா ராத்திரின்னே தெரியாது சார். சும்மா பகல் மாதிரி."

வீட்டுக்காரம்மா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "ஏங்க, எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசாதா?"

"கூசட்டும் மேடம்," என்கிறான் கடைப்பையன். "கூசினாத்தானே ஒதுங்குவான்?"

நம்மவருக்கு அந்தக் கணத்தில் கிடைத்தது ஒரு பல்பு அல்ல, ஒரு தத்துவம்.

கழற்றிப்போட்ட பழைய ஹாலோஜன் பல்பைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். 60/55 வாட். உள்ளே இரண்டு இழை. டிம்முக்கான இழையின் அடியில் சின்னதாக ஓர் உலோகத் தகடு. பார்த்தால் இது எதற்கு என்றுதான் தோன்றும். அந்தத் தகடுதான் வெளிச்சத்தைக் கீழே போகவிடாமல் மறித்து, பிரதிபலிப்பானின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்புகிறது. மேல்பாதி அதைச் சாலையில் இறக்குகிறது. எல்லாக் கணக்கும் அந்த இழை இருக்கிற இடத்தை வைத்துத்தான். அந்த ஹோல்டரில் சந்தையில் கிடைக்கிற எல்.இ.டி.யைச் செருகினால், வெளிச்சம் புறப்படுகிற இடமே பெரும்பாலும் மாறிப்போகும். பிறகு டிம் போட்டாலும் ஒன்றுதான், ஹை போட்டாலும் ஒன்றுதான். வெளிச்சம் புளியமரத்து உச்சியில் காக்கையை எழுப்பும், மொட்டைமாடியில் துணி எடுக்கிறவர்களைச் சுவரோரம் பதுங்க வைக்கும், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானத்துக்கு வழிகாட்டும். சாலைக்கும் மிச்சம் மீதி கொஞ்சம் வரும். மழை நாளில் அதுவும் வராது. வெள்ளை வெளிச்சம் ஈரத்தாரில் பட்டுக் காணாமல் போகும். அதற்கும் அவரிடம் மருந்து உண்டு: பம்பரில் இன்னும் இரண்டு விளக்கு.

டாஷ்போர்டில் ஹைபீம் போட்டால் நீலமாக ஒரு குறி எரியும். அவர் வண்டியில் அது அணைந்ததே இல்லை. மகள் ஒருநாள் கேட்டாள், "அப்பா, அந்த புளூ லைட் என்னப்பா?"

"அதுவாம்மா? வண்டி நல்ல கண்டிஷன்ல ஓடுதுன்னு அர்த்தம்."

அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் நியாயம் இருக்கிறது. "அவன் முதல்ல டிம் பண்ணட்டும், நான் பண்றேன்." எதிரே வருகிறவரும் ஒரு ஹைபீம்காரர், அவர் வாயிலும் இதே வசனம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் குருடாக்கிக்கொண்டு நெருங்குகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். கூசின கண் தெளிய மூன்றே விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 50 மீட்டர் தூரம் அவர்கள் ஓட்டுவது ஞாபகத்தை வைத்துத்தான். வயதான கண்ணுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்த 50 மீட்டருக்குள் நந்தம்பாக்கத்து மாடு ஒன்று நடுரோட்டில் அசைபோட்டபடி படுத்திருக்கும். ஷிஃப்ட் முடிந்து வருகிற கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கின பெண் பிள்ளைகள் ஓரமாக நடந்து போவார்கள்.

பெங்களூர் நெடுஞ்சாலை நடுவே அரளிச்செடி வைத்திருக்கிறார்களே, அழகுக்கு மட்டுமா? எதிர்ச்சாரி வெளிச்சத்தை மறைக்கவும்தான். ஹைபீம்காரரின் சுபாவம் அறிந்த அரசாங்கம் அவருக்குப் புத்தி சொல்வதைவிடச் செடி வைப்பது சுலபம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத ஊர்ச்சாலைகளுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. எழுதினவர் நுணுக்கமான ஆள். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணை நிறுத்திப் பார்த்து, அந்தக் கண் கூசக் கூடாது என்று எழுதி வைத்தார். அந்த உயரத்தில் ஏறக்குறைய யாருடைய கண் இருக்கும்? டிஃபன் பாக்ஸை டேங்க் கவரில் வைத்துக்கொண்டு பைக்கில் வீடு திரும்புகிறவரின் கண்.

முன்பெல்லாம் போக்குவரத்துப் போலீஸார் வண்டியை மறித்து, ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். இப்போதும் எங்காவது முகாம் போட்டு ஒட்டுகிறார்கள். குருக்கள் வைத்த சந்தனப் பொட்டை மழை வந்து கரைக்கும்வரை துடைக்காத நம்மவர், போலீஸ் வைத்த கறுப்புப் பொட்டை அடுத்த வளைவிலேயே நிறுத்தி நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். வண்டியின் லுக் போய்விடுகிறதாம்.

அம்பாசிடர் காலத்தில் டிம் சுவிட்ச் காலடியில், கிளட்சுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டுகிறவர்கள் இடது காலால் தட்டித் தட்டிப் போனார்கள். இப்போது அது விரல் நுனிக்கு வந்துவிட்டது. காலால் செய்த மரியாதையை விரலால் செய்ய இவருக்கு வலிக்கிறது. லாரிக்காரர்களை நாம் எல்லாவற்றுக்கும் திட்டுகிறோம். நான் பார்த்தவரை இந்தச் சாலையில் முதலில் டிம் பண்ணுகிறவர் அவர்தான். ராத்திரி முழுக்க ஓட்டுகிறவருக்குக் கண்ணின் விலை தெரியும்.

ஒரு வாரம் மட்டும் நம்மவர் வண்டியை எதிரே வந்த யாரும் திட்டவில்லை. அந்த வாரம் வண்டி மச்சினன் கையில் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கீழே, 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கும். ஓட்டுகிறவர் மட்டும் இருந்தால் 0. டிக்கியில் அரிசி மூட்டை, பின்சீட்டில் மூன்று பேர் என்று பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அப்போது எண்ணை ஏற்றினால் வெளிச்சம் கீழே இறங்கும். மச்சினன் அதை ரேடியோவின் சத்தம் கூட்டுகிற குமிழ் என்கிற கணக்கில் 3க்குத் திருகி வைத்தான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ரொம்ப வருத்தப்பட்டான்.

"மாமா, லைட் சுத்தமாப் பத்தலை. மூணுல வச்சும் பத்தலை."

நம்மவர் இன்னும் அதிக வாட்டில் ஒன்று தேடிக் கடைக்குப் போனார்.

இதைப் படிக்கிற ஹைபீம்காரர் இது வேறு யாரைப் பற்றியோ என்றுதான் நினைப்பார். போன வாரம்கூட எதிரே வந்த ஒருவரால் கண் கூசி, "நாட்டுல சிவிக் சென்ஸே இல்லைங்க" என்று ஆபீஸில் அரைமணி நேரம் பேசியவர் அவர். ஆகவே எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரி வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் லைட்டைப் போட்டுப் பாருங்கள். சற்று ஏறிப் போகிற இடப்பக்க ஓரத்தை விட்டுவிடுங்கள்; மற்றபடி வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்காவிட்டால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். விளக்குக்குப் பின்னால் ஒரு திருகாணி இருக்கிறது, திருகி இறக்கிக் கொடுப்பார். விளிம்பே இல்லாமல் சுவர் முழுக்க வெள்ளையடித்த வெளிச்சமாக இருந்தால் கோளாறு பல்பில். கம்பெனி கொடுத்த பழைய பல்பைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில்தான் கிடக்கும். எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.