வேலைநிறுத்தமா, உடைமாற்றமா?

கேள்வி: கொல்லையில் திரியும் எங்கள் மூன்று வயதுப் பெட்டைக்கோழி ஒரு மாதமாக முட்டையிடவில்லை, அடையும் உட்காரவில்லை. தீனி மட்டும் தின்கிறது. வேலைநிறுத்தமா?

பதில்: வேலைநிறுத்தம் இல்லை, உடைமாற்றம்! கழுத்தில் பழைய இறகு உதிர்ந்து புது முளை தெரிகிறதா?

பகல் பொழுது சுருங்கும் மாதங்களில் நடப்பது இது. இறகில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அந்தச் சின்ன உடம்பால் ஆகாது. இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அதுவரை தீனியைக் குறைப்பது அநியாயம். கொஞ்சம் கருவாட்டுத்தூள் கூடுதலாகப் போடலாம்.

பிறகு மறுபடி இடும். ஆனால் வயதாக ஆக எண்ணிக்கை குறையும், முட்டை பெரிதாகும். பலரும் நினைப்பதுபோல் உள்ளே கரு தீர்ந்துபோவதில்லை. குஞ்சாகப் பொரியும்போதே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. முதிரும் வேகம்தான் தளர்கிறது.

இப்போதைக்கு அதைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். வளரும் இறகுமுளைக்குள் ரத்தம் ஓடுகிறது, அழுத்தினால் வலிக்கும்.