வன்னியில் பூட்டனைத் தேடுதல்

கேள்வி: மேஃபிளவர் கப்பலில் 1620இல் அமெரிக்கா போனவர்களின் வாரிசுகளுக்கு ஒரு சங்கமே இருக்கிறதாமே. வன்னியின் ஆதிக்குடிகளுக்கும் அப்படிப் பரம்பரை தேடலாமா?

பதில்: கப்பலில் போனவர்கள் 102 பேர். வன்னிக்கு வந்த குடிகளைப் பாடும் வையாபாடலில் பெயர்கள் தாராளம், ஆண்டுகளுக்குத்தான் பஞ்சம். வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயரின் கப்டன் டிரிபேர்க் 1803இல் தோற்கடித்ததாகக் கற்சிலைமடு நினைவுக்கல் சொன்னது. அவன் வழிவந்தோம் என்று இன்று சொல்வோரெல்லாம் அன்று களத்தில் நின்றிருந்தால் டிரிபேர்க் வந்த வழியே திரும்பியிருப்பார்.

பெரிய சிக்கல் முதலெழுத்து. அங்கே குடும்பப்பெயர் தலைமுறை தாண்டியும் நிற்கும். இங்கே க. வேலுப்பிள்ளையின் மகன் வே. கந்தையா, பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்தால் மறுபடியும் க. வேலுப்பிள்ளை. உறுதியில் கையெழுத்து வைத்தது பாட்டனா பேரனா என்று நொத்தாரிசே குழம்புவார்.

கிளிநொச்சிக் குடியேற்றக்காரருக்கு வேலை கொஞ்சம் சுலபம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கிடைத்த அனுமதிப்பத்திரத்தில் காணிக்காரரின் பெயரும், நியமித்திருந்தால் பின்னுரித்தாளரின் பெயரும் இருக்கும். யாருக்குக் காணி, யாருக்குக் கோபம் என்பதுகூட அதிலேயே விளங்கிவிடும். கத்தோலிக்கக் குடும்பமென்றால் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் கிடைக்கும். 2009 வரையான போர்க்கால இடப்பெயர்வுகளில் காணி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். அவர்கள் பிரதேச செயலகக் காணிக் கிளையில் பேரேட்டைத் தேடுவிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.