இதய நோயாளிக்கு மெசேஜ் அனுப்புவது எப்படி?

முதல் மெசேஜிலேயே ஆளைக் கலங்கடித்துவிட வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து கோகிலமேட்டுக்குத் திரும்புகிறார் ஒரு மீனவப் பெரியவர். ‘ஹார்ட் வீக்’ என்ற அளவில் அவருக்கு விஷயம் தெரியும். அது போதாது. ‘தங்களுக்கு நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளது’ என்று தட்டிவிடுங்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலுதான் குறைந்திருக்கிறது, நின்றுபோகவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். செயலிழந்த இதயத்தோடு எப்படி மெசேஜ் படிக்கிறோம் என்று அவரே யோசிக்கட்டும்.

யோசிக்க முதலில் மெசேஜ் அவர் கைக்குப் போக வேண்டுமே. போகாது. ஓ.பி. சீட்டில் இருப்பது மகன் நம்பர். அவன் ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் நேரமாகப் பார்த்து, ‘தண்ணி மாத்திரை போட்டாச்சா?’ என்று கேளுங்கள்.

உப்பு விஷயத்தில் தமிழ் முக்கியம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 இடம். தமிழ் நுழைந்தால் 70தான். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனி இடம். ‘சோடியம் உட்கொள்ளலைக் கட்டுப்படுத்துக’ என்றால் 36 இடம் போகும். ‘கருவாடு வேண்டாம்’ 16இல் முடிந்துவிடும். ஆனால் புரிந்து தொலைக்குமே! நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பழஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் நெத்திலிக் கருவாடும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பது ரகசியமாகவே இருக்கட்டும்.

எடை பற்றி மூச்சு விடாதீர்கள். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, வெறும் வயிற்றில் தினமும் எடை பார்த்து, மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று தெரிந்துகொண்டால், திணறல் வருமுன்பே மனிதர் டாக்டரிடம் போய் நின்றுவிடுவார்.

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் காட்டிய வழியும் நமக்கு ஆகாது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 ஆண்களில் ஒரு பாதிக்கு, ஆளின் மனநிலை பார்த்து 2 வருடம் மெசேஜ் அனுப்பினார்கள். மெசேஜ் போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, போனவர்களில் 18தான். 2013இல் வெளியான ஆய்வு. நமக்கேற்ற முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. இதயம் பலவீனமான 1653 பேரில் பாதிப் பேரை, தினமும் போன் போட்டு ஒரு மெஷினிடம் எடையையும் மூச்சுத் திணறலையும் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஏழில் ஒருவர் ஒரு தடவைகூடப் பேசவில்லை. 2010இல் முடிவு வந்தது: மறுபடி அட்மிட் ஆவதும் குறையவில்லை, சாவும் குறையவில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் வந்ததிலிருந்து பி.பி., சுகர் மாத்திரையோடு வாசலில் நிற்கும் தன்னார்வலர் அக்காவையும் தள்ளியே வையுங்கள். பெரியவரின் கணுக்காலைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, பள்ளம் எழும்பாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, “என்னா தாத்தா, காலு இப்டி வீங்கிக் கெடக்கு?” என்று காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

கடைசியாக, பதில் வரும் வழியை அடைத்துவிடுங்கள். மகன் குடும்ப குரூப்பில் போட்டுவைத்த உங்கள் நம்பருக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பேத்தி குரல் மெசேஜ் அனுப்புவாள்: “தாத்தாவுக்குப் படுத்தா மூச்சு முட்டுது, மூணு தலகாணி வெச்சு உக்காந்தே இருக்காரு.” அடுத்த நொடியே போக வேண்டியது: ‘தங்கள் கருத்துக்கு நன்றி. இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப இயலாது.’