ஆளுநரும் ஆசனமும்

இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆளுநர் ஒரு முழு நாளைக் கழிப்பதால் அப்பள்ளிக்கு விளையும் பயன் யாது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெற்றோர் ஆளுநர் எனப்படுபவர், அப்பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் தமக்குள் வாக்களித்து ஆளுநர் குழுவுக்கு அனுப்பும் உறுப்பினர் ஆவார். போட்டியிட எவரும் முன்வராத இடங்களில், மாலை வேளையில் பள்ளி வாசலில் தலைமையாசிரியரின் கண்ணில் பட்டுவிட்டவர் ஆவார். 1977இல் வெளிவந்த டெய்லர் குழு அறிக்கை இம்முறைக்கு வித்திட, 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. உள்ளாட்சியின் பொறுப்பிலுள்ள பள்ளியின் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அவர்களுள் இருவராவது பெற்றோர் ஆளுநராக இருக்க வேண்டும், பதவிக்காலம் பொதுவாக 4 ஆண்டுகள், ஊதியம் கிடையாது.

ஊதியம் கிடையாது என்ற செய்தி, அப்பதவிக்கு வரும் தமிழரால் ஊருக்குத் தொலைபேசியில் சொல்லப்படுவதில்லை. 'பெற்றோர்' என்ற முன்சொல்லை விழுங்கி 'ஆளுநர்' என்பதை மட்டும் உரக்கச் சொல்லும் வழக்கம் நம்மவரிடையே எத்துணை வேரூன்றியது என்பதை வாசகர் அறிவர். கேட்பவர் மனத்தில் ராஜ்பவனும், முன்னும் பின்னும் காவல் வண்டியும் எழுமாயின் அதற்குச் சொன்னவர் பொறுப்பாகார். உண்மையில் இவ்வாளுநருக்குக் கிடைக்கும் அரச மரியாதை, வரவேற்பறையில் கையெழுத்திட்டதும் கழுத்தில் மாட்டப்படும் 'வருகையாளர்' அட்டை ஒன்றே. பள்ளியின் தொலைநோக்கை வகுப்பதும், தலைமையாசிரியரிடம் கணக்குக் கேட்பதும், பணம் முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் குழுவின் கடமைகள். ஆசிரியர் பாடம் நடத்தும் திறத்தை மதிப்பிடுவதோ அதன் வேலையன்று, அது தலைமையாசிரியரின் வேலை. எனவே வகுப்பறைக்குச் செல்லும் ஆளுநர், எதையும் மதிப்பிடாமல் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியவராகிறார். கவனிப்பதற்கோ அவர் முதலில் உட்கார வேண்டும்.

இங்கு நாற்காலி பற்றிச் சிறிது விளக்குவது இன்றியமையாதது. பள்ளி நாற்காலிகளுக்கென ஐரோப்பியத் தர அளவு ஒன்று உண்டு. அதன்படி 108 முதல் 121 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள குழந்தைக்கு இருக்கையின் உயரம் 31 சென்டிமீட்டர், 159 முதல் 188 வரை உயரமுள்ளவருக்கு 46 சென்டிமீட்டர். முதலாம் ஆண்டு வகுப்பில், அதாவது 5, 6 வயதினர் பயிலும் வகுப்பில், உள்ளவை யாவும் முன்னதே. தரையில் உட்காரத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சம்மணமிட்டு இரண்டு பந்தி பார்க்கக்கூடியவர் அவர். மணையில் உட்காரவும் அறிவார், ஏனெனில் மணையின் உயரம் தரைக்குச் செய்யும் மரியாதையே அன்றி வேறில்லை. 46 சென்டிமீட்டரும் அலுவலகத்தில் பழகியதுதான். ஆனால் 31 சென்டிமீட்டர் என்பது தரையும் ஆகாது, நாற்காலியும் ஆகாது; மடக்குவதற்குக் காலுக்கு இடமில்லை, தொங்கவிடுவதற்கு உயரமில்லை, நீட்டினாலோ பச்சைப்பிள்ளைகள் இடறி விழுவர். திரிசங்குவுக்கு ஒரு சொர்க்கம் படைக்கப்பட்டதைப் போல இவ்வாளுநருக்கு ஓர் ஆசனம் படைக்கப்பட்டிருக்கிறது. வேறுபாடு என்னவெனில், திரிசங்குவின் முழங்கால் அவர் மோவாயை முட்டியதாகக் குறிப்பில்லை. மேலும் அதன் இருக்கைப் பகுதி சிறு பின்புறத்துக்கு ஏற்பக் குழிவாக வார்க்கப்பட்டிருப்பதால், பெரியவர் எழும்போது அதுவும் உடன் எழும் இயல்புடையது. இக்கட்டுரைக்குத் தூண்டுதலான ஆளுநர் கடந்த செவ்வாய்க்கிழமை எழுந்தபோது அதுவே நிகழ்ந்தது. நாற்காலியைக் கழற்றிவிட இருவர் உதவ வேண்டியிருந்தது, அவ்விருவரின் கூட்டு வயது 11.

அந்நாற்காலியில் அமர்ந்தபடி அவர் கண்டது ஒலிப்புப் பயிற்சி, அதாவது எழுத்துகளை ஒலிகளாகக் கூட்டிச் சொல்லை வாசிக்கும் முறை. 2012 முதல் முதலாம் ஆண்டின் முடிவில் நடைபெறும் இதற்கான தேர்வில் 40 சொற்கள் உண்டு. அவற்றுள் 20 சொற்கள் உலகில் இல்லாதவை, மனப்பாடத்தால் வாசிக்க முடியாதபடி இட்டுக்கட்டப்பட்டவை. ஆங்கிலத்தை முழுக்க மனப்பாடத்தாலேயே கற்ற ஆளுநர், அப்படியொரு சொல் அகராதியில் இல்லையே என்று மெல்ல முணுமுணுக்க, அருகிலிருந்த சிறுமி பக்கத்திலிருந்த படத்தைச் சுட்டி, "அது வேற்றுக்கிரகத்தாரின் பெயர், உங்களுக்குத் தெரியாதா?" என்று இரக்கத்துடன் கேட்டாள். முதுகு அவ்வேளையில் வலிக்கத் தொடங்கியிருந்தமையால் அவரால் மறுமொழி கூற இயலவில்லை. நண்பகல் உணவுக்கூடத்தில், மேசையோடு பிணைக்கப்பட்ட வட்ட முக்காலி அவருக்காகக் காத்திருந்தது. அதன் உயரத்தை இங்கு விவரிப்பின் கட்டுரை தடம் மாறும்.

பார்வையிடல் முடிந்ததும் ஒவ்வோர் ஆளுநரும் ஓர் அறிக்கைப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். 'இப்பார்வையிடலால் மாணவர்களுக்கு விளைந்த பயன்' என்ற கட்டம் அதில் உண்டு. அவர் அதில் வகுப்புக்கு ஒரு பெரிய நாற்காலி தேவை என்று மட்டும் எழுதினார். நாற்காலி அன்றாட நிர்வாகத்தைச் சேர்ந்தது, அன்றாட நிர்வாகம் தலைமையாசிரியரைச் சேர்ந்தது, ஆளுநர்கள் தொலைநோக்கோடு நின்றுகொள்ள வேண்டும் என்ற கனிவான விளக்கத்துடன் அவ்வரி நீக்கப்பட்டது. நின்றுகொள்வதில் அவருக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்பது பதிவுக்குரியது. கட்டம் இன்னும் காலியாக உள்ளது. தொடக்கத்தில் வாக்களிக்கப்பட்ட பயனை நிறுவும் பணி, அவருடைய அடுத்த பருவப் பார்வையிடல் வரை ஒத்திவைக்கப்படுகிறது. அது 3 வயதினர் பயிலும் மழலையர் வகுப்பில் நடைபெறும். அவ்வயதுக்கான இருக்கை உயரம் 26 சென்டிமீட்டர்.