மேசைக்கு இரண்டு பக்கம் இருந்தபோது

நம் வங்கிகளில் கணினி நுழைந்த கதையைச் சொல்பவர்கள், ஊழியர் சங்கங்கள் அதற்குக் குறுக்கே நின்றன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்போது வங்கியில் எழுத்தராக இருந்த என்னால் அந்த வரியை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எங்கே, எந்த வேலைக்கு, எந்த அளவுக்கு என்பதை இரு தரப்பும் பேசி எழுத்தில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு, கிளை, மண்டல அலுவலகம், தலைமை அலுவலகம் என மூன்று அடுக்குகளுக்கும் கணினித் திட்டம் தந்தது.

எங்கள் கிளைக்கு லெட்ஜர் பதியும் இயந்திரம் வருவதற்கு முன்பே மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, "மாசக் கடைசியில எந்த லெட்ஜர் டேலி ஆகாம இழுக்குது?" என்று கேட்டார். சேமிப்புக் கணக்கு என்றோம். சங்கச் செயலாளர் எழுந்து, "சார், மிஷின் வட்டியைத் தப்பாப் போட்டா யார் பொறுப்பு?" என்றார். "நான்தான். அதனால நம்பிக்கை வர்ற வரைக்கும் கை லெட்ஜரும் ஓடட்டும்" என்றார் மேலாளர்.

இரண்டும் பல மாதங்கள் சேர்ந்தே ஓடின. அன்றைய விதிப்படி, மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. 10-ஆம் தேதி போட்ட காசோலை இரண்டு நாள் கழித்துப் பணமானால் எந்த இருப்பை எடுப்பது என்ற சிக்கலை லெட்ஜர் எழுதியவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். இயந்திரத்தை விற்றவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

பிற்பாடு, எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தது. அதன் நன்மை பெரிது. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி தர முடிந்தது கணினியால்தான். கையால் அத்தனை கணக்குக்கும் அதைப் போட்டிருக்க முடியாது. ஆனால் இந்த முறை எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. மென்பொருளைத் தலைமை அலுவலகம் தேர்ந்தெடுத்தது, எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த மென்பொருள் நகராது. தமிழ்நாட்டில் பெயருக்கு முன் இருப்பது தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. அவசரத்தில் அது ஒரு கணக்கில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போய் விழுந்தது. பென்ஷன் புத்தகத்தில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு பெயர் என்று முதியவர்கள் வரிசையில் நின்றார்கள். கவுன்டரில் இருந்த எவரிடம் கேட்டிருந்தாலும் ஒரே நாளில் சொல்லியிருப்பார்.

இன்று வங்கித் தொழில்நுட்பம் பற்றிய விதிகள் கடுமையாகிவிட்டன. ரிசர்வ் வங்கி 2023-இல் வெளியிட்ட உத்தரவின்படி, வங்கியின் இயக்குநர் குழுவில் தகவல் தொழில்நுட்ப உத்திக் குழு ஒன்று இருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தொழில்நுட்பம் அறிந்த சுயேச்சை இயக்குநர் தலைமை தாங்க வேண்டும். வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியை விட்டு அகலாது என்று அதே ஆண்டின் இன்னோர் உத்தரவு சொல்கிறது. இவை தேவையான விதிகள். 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை ஒரே மாதத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டியது. ஒரு மணி நேரம் சேவை நின்றாலும் காய்கறிக் கடை முதல் மருந்துக் கடை வரை தவிக்கும்.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. முடிவெடுப்பவர் கவுன்டரில் இல்லை. "சர்வர் டவுன்" என்று வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவரோ முடிவெடுக்கும் அறையில் இல்லை. 1983-இல் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் எழுந்த கேள்விகள்தான், ஆனாலும் அவை நிர்வாகத்தைத் தெளிவாக யோசிக்க வைத்தன.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கத் தொழில்நுட்பம் தெரிந்தவர் போதும். அது யாருடைய சுமையைக் குறைக்கப்போகிறது, தவறினால் யார் பதில் சொல்வார் என்பதைத் தீர்மானிப்பது தலைமையின் கடமை. எனவே ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஒப்புதல் தரும் முன், உத்திக் குழு கிளை ஊழியர்களை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதையும், அதில் எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அடுத்த காலாண்டுக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.