மீந்த பாஸ்தாவின் மறுபிறப்பு: ஓர் ஆய்வு

பாஸ்தா மிஞ்சும் என்பது முதற்கோள். ஆளுக்கு 80 முதல் 100 கிராம் உலர்ந்த பாஸ்தா என்று இத்தாலியில் ஒரு கணக்கு உண்டு. ஆனால் ஸ்பகெட்டியைக் கைப்பிடியால் அளக்கும் எவரும் அதற்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே, அளவாகச் சமைத்தால் இந்த ஆய்வே வேண்டாமே என்னும் பரபக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம். இங்கு நிறுவ முயல்வது இவ்வளவே: மீந்த பாஸ்தா சூடுபடுத்துவதற்குரிய பொருளன்று, பொரிப்பதற்குரியது.

வேகும்போது மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பி இளகுகிறது. ஆறியதும் அதன் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்ள, பாஸ்தா விறைக்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்சாதனப் பெட்டி காக்கும் 4 டிகிரியை ஒட்டித்தான் இவ்விறைப்பு விரைவாக நிகழும். அப்படியானால் வெளியிலேயே வைக்கலாமே என்பார்க்கு ஒரு சான்று. 2008-இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது இளைஞர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்டு, மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். பேசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியா விட்டுச்செல்லும் செரியுலைட் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை. எனவே இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் வைப்பதிலும், மூன்று நான்கு நாளுக்குள் தீர்ப்பதிலும் எக்கட்சிக்கும் விலக்கில்லை. விறைப்பை ஏற்றே ஆகவேண்டும்.

ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் வைத்தால் இளகிவிடுமே என்பது எதிர்க்கட்சியின் வலுவான வாதம். பாதி உண்மை. மாவுச்சத்தின் ஒரு பகுதி 60 டிகிரி வாக்கில் இளகும். மற்றப் பகுதி கொதிநிலைக்கும் மசியாது. அதற்குள் இரவெல்லாம் சாஸின் ஈரத்தைக் குடித்த பாஸ்தா ஊறியும் வறண்டும், ஓரம் கொதித்தும் நடு குளிர்ந்தும், ஒரே தட்டில் நான்கு குற்றங்களோடு வந்து நிற்கும். நேற்றையதை நேற்றையதாகவே மீட்கப் பார்ப்பதுதான் கோளாறு. நேப்பிள்ஸ்காரர்களுக்கு அந்த ஆசையே கிடையாது. விறைத்த பாஸ்தாவில் அடித்த முட்டையும் பாலாடைக்கட்டியும் மிளகும் கலந்து, வாணலியில் எண்ணெய் காயவைத்து ஊற்றி, தட்டில் கவிழ்த்து மறுபக்கமும் சிவக்கவிட்டு, ஃப்ரிட்டாட்டா தி மக்கரோனி என்பார்கள். குழைந்திருந்தால் கூழாகியிருக்கும், விறைப்பினாலேயே இழை இழையாக நின்று மொறுமொறுக்கிறது. ஈஸ்டருக்கு மறுநாள் கட்டுச்சோறாகவும் கடற்கரைக்கும் இதை எடுத்துப்போய் ஆறிய பிறகே தின்கிறார்கள் என்பதால், சூடுபடுத்தும் பிரச்சினை அடியோடு ஒழிகிறது. (இதற்கென்றே கூடுதலாக வேகவைக்கும் வீடுகளும் அங்குண்டு, அதை ‘மீந்தது’ எனலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.)

குளிர்ந்து இறுகிய மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் தப்புவதால் உடலுக்கு நல்லது என்று கூறி, அதைப் பொரித்துக் கெடுக்கலாமா என ஒரு மருத்துவ மறுப்பு எழக்கூடும். கொதிநிலைக்கே மசியாதது அந்தப் பங்குதான். ஆகவே மைக்ரோவேவுக்கு மட்டும் அது சலுகை காட்டப்போவதில்லை. எண்ணெய், முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் கலோரியையும் கூட்டினால் முடிவு நமக்குப் பாதகமாக வரும் என்பதால், அவை இவ்வாய்வின் எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை.