கீச்சிடும் பெல்ட்

எஞ்சினின் முன்பக்கத்தில் கிராங்க் புல்லியின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் ஏசி கம்ப்ரசருக்கும் பங்கு வைக்கும் ரப்பர் வளையம்தான் டிரைவ் பெல்ட். அது நழுவினால் பேட்டரி இறங்கும், எஞ்சின் சூடேறும். அதற்கெல்லாம் முன்பே தெரு முழுவதும் கேட்கும்படி கீச்சிடும். தொழிற்சாலைக் காரில் அந்த வளையம் போகும் பாதையை ஒரு பொறியாளர் குழு வரைந்திருக்கும். பழைய காரை வேகத்துக்காகத் திருத்திக் கட்டும் அமெரிக்க ஹாட் ராட் கராஜில் அதே வேலையைச் சனிக்கிழமை பிற்பகலில் ஒருவர், கையில் கிடைத்த பிராக்கெட்டுகளை வைத்து முடித்திருப்பார்.

பெல்ட்டுக்குப் பிடிப்பைத் தருவது உராய்வு. துறைமுகத் தூணில் சில சுற்றுச் சுற்றிய கயிற்றால் ஒற்றை ஆள் ஒரு படகையே இழுத்து நிறுத்துவது எப்படி என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்குப் போட்டார். பெல்ட்டுக்கும் அதே கணக்குதான்: புல்லியைப் பெல்ட் தழுவும் கோணம் கூடக்கூட, பிடிப்பு கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக ஏறும். வி வடிவப் பெல்ட் பள்ளத்தின் இரு சுவர்களுக்கும் நடுவே ஆப்பாக இறங்குவதால், தட்டைப் பெல்ட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு அதற்கு உண்டு. தேய்ந்துபோய் அடி தட்டிவிட்டால் ஆப்பு வேலை செய்யாது. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்றிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. துடைத்து வைத்ததால் வந்த பளபளப்பு என்று உரிமையாளர் பெருமைப்பட வேண்டாம்.

முதலில் கத்துவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர். இருப்பதிலேயே சிறிய புல்லி அதனுடையது. தழுவும் கோணமும் அங்கே குறைவு. 14 வோல்டில் 100 ஆம்பியர் கொடுத்தால் வெளிவருவது 1400 வாட். உள்ளே வீணாவதையும் சேர்த்தால் பெல்ட்டிலிருந்து அது பிடுங்குவது மூன்று குதிரைத் திறனுக்கு மேல். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி பசியோடு இருக்கும். அதோடு எலக்ட்ரிக் ஃபேனும், பின்சீட்டை விழுங்கிய ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்துகொள்ளும்.

சத்தம் கேட்ட உரிமையாளர் முதலில் பெல்ட்டை இறுக்குவார். சத்தம் போகாது, இன்னும் இறுக்குவார். பிறகு சத்தம் பெல்ட்டை விட்டு வாட்டர் பம்ப் பேரிங்குக்குக் குடிபோகும். அடுத்து பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரே வரும். அது சில நாள் அமைதி தந்து, தூசியை இழுத்து ஒட்டவைத்து, பழைய சத்தத்தைப் புது அழுக்கோடு திருப்பித் தரும். இந்த வைத்தியத்துக்கெல்லாம் ஆகும் செலவில் பாதிக்கு, புல்லிகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நல்ல நேர்ச்சட்டம் வாங்கலாம்.

நோயறிய மிக மலிவான கருவி தண்ணீர். எஞ்சின் ஓடும்போது, கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு, வரிப் பெல்ட்டில் நீளவாக்கில் வரிகள் ஓடும் பக்கத்தில் கொஞ்சம் தெளிக்க வேண்டும். சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. நின்றுபோய்ச் சற்று நேரத்தில் திரும்பினால் புல்லிகள் ஒரே தளத்தில் இல்லை.

இந்த இரண்டாவது கோளாறுதான் கையால் கட்டிய எஞ்சின்களின் குலச்சொத்து. 1955-இல் வந்த செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 ஹாட் ராட்காரர்களின் செல்லம். 1969 மாடலிலிருந்து பெரும்பாலான கார்களில் அதன் வாட்டர் பம்ப் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. பம்பை மாற்றியபோது பிராக்கெட்டையும் புல்லியையும் சேர்த்தே மாற்றினார்கள். பழைய சாமான் சந்தையில் அவை தனித்தனியாக விற்கின்றன. குட்டைப் பம்பும் நெட்டைப் பிராக்கெட்டும் சேர்ந்த எஞ்சினில், விட்டுப்போன தூரத்தை உரிமையாளர் வாஷர்களை அடுக்கி நிரப்புவார். செவ்ரோலெட்டின் பிற்கால எல்எஸ் எஞ்சினிலும் இதே கதை: கார்வெட், கமாரோ, டிரக் என்று மூன்று வரிசைகள், மூன்றிலும் பெல்ட் ஓடும் தளம் வேறு. ஒரே வண்டியின் சாமான்களை முழு செட்டாக வாங்குவதே விடை. மற்றவர்களுக்கு நேர்ச்சட்டமும் சரியாகக் கடைந்த ஸ்பேசரும் உண்டு. 300 மிமீ இடைவெளிக்கு ஒன்றரை மிமீ விலகலுக்கு மேல் போகவிடக் கூடாது.

இழுவிசைதான் குறை என்றால் டென்ஷனர் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதன் இடம் கிராங்கை விட்டுப் பெல்ட் வெளியேறும் தளர்பக்கம். கிராங்குக்குள் நுழையும் இறுக்கப்பக்கத்தில் மாட்டினால், சுமை ஏறும்போதெல்லாம் பெல்ட்டே டென்ஷனரைத் தள்ளிவிடும். எஞ்சின் நிற்கும்போது எல்லாம் கம்பீரமாக இறுகியிருக்கும். தழுவல் குறைவான புல்லிக்குப் பக்கத்தில் ஓர் ஐட்லர் புல்லி சேர்த்தால், இறுக்காமலேயே பிடிப்பு கூடும்.

பெல்ட்டும் சரி, பாதையும் சரி, ஆனாலும் நழுவுகிறது என்றால் கிராங்க் புல்லியையே சந்தேகிக்கலாம். பல எஞ்சின்களில் அது இரண்டு இரும்பு வளையங்களும் நடுவே ரப்பருமாக அமைந்த, அதிர்வை அடக்கும் டேம்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் தனியே சுழலும். இரண்டையும் சேர்த்துப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, வண்டியை ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்திருக்கும்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் மாட்டிய காரில் கணக்கு வேறு. கூடுதல் பூஸ்ட் வேண்டி அதன் புல்லியைச் சிறிதாக்குவார்கள்; சுமை ஏறும், தழுவும் பரப்பு இறங்கும். 150 மிமீ கிராங்க் புல்லி நிமிடத்துக்கு 6000 சுற்றில், நின்ற இடத்திலேயே பெல்ட்டை மணிக்கு சுமார் 170 கிமீ வேகத்தில் ஓட்டுகிறது. அந்த வேகத்தில் மையவிலக்கு விசை பெல்ட்டைப் புல்லியிலிருந்து தூக்கப் பார்க்கும். ஆறு வரிப் பெல்ட்டை எட்டாகவோ பத்தாகவோ மாற்றுவது முதல் மருந்து. பல் வைத்த பெல்ட் நழுவவே நழுவாது. ஆனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டதும், நிமிடத்துக்கு 50,000 சுற்றுக்கு மேல் போகும் சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜரின் சக்கரம் உடனே வேகம் குறைய மறுக்கும். வரிப் பெல்ட் அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் நழுவித் தாங்கிக்கொள்ளும். பல் பெல்ட் அதை நேராகக் கிராங்க் முனைக்கே அனுப்பும். அதனால்தான் பந்தய எஞ்சின் கட்டுபவர்கள் பல் பெல்ட் போடும்போது கிராங்க் முனையில், புல்லியைப் பூட்டும் கீ இன்னொன்றுக்கும் பள்ளம் வெட்டிவிடுகிறார்கள்.